சூடாறாத விதை மூட்டை

இயேசுவின் மேல் பற்று வைத்து இதைப் படிக்கிற என் சொந்தங்களுக்கு, எஸ்தர் எழுதுகிறேன். எனக்கு எதையும் பொறுமையாகச் சொல்லத் தெரியாது. அதனால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பங்குனியில் என் அண்ணன் சாமுவேல் இறந்துபோனார். அவரைப் பிழைக்க வையும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. அடுத்த நாள், மழை வேண்டாம் என்று கேட்டேன். மழை வந்தது. கேட்ட இரண்டும் கிடைக்காதவள் எதற்குச் சாட்சி எழுத வந்தாள் என்று நினைப்பீர்கள். எனக்கும் பல நாள் அப்படித்தான் இருந்தது. எழுத வேண்டியவள் என் அண்ணி. அவளால் முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஊத்துக்கோட்டை போகிற வழியில், ஓர் ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் காலனி. அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். அண்ணன்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு கழனியை வாரத்துக்குப் பிடித்து, சொந்தக் கையால் விதைத்து, விளைந்ததில் நிலக்காரருக்குப் பாதி அளந்து, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். மதகுக்கு அடுத்த கழனி. கோடையில் ஏரி வற்றும்போதும் அதற்கு மட்டும் தண்ணீர் எட்டும். அதற்காகவே பல பேர் கண் அதன்மேல் இருந்தது. நிலக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: சித்திரை பிறக்கும்போது நாற்றங்கால் பச்சையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கழனி வேறு ஆளுக்குப் போய்விடும்.

எனக்குக் கழனியில் கால் நிற்காது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் படித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்புகிற ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் மனுவோடு நின்றுகொண்டிருந்தேன். ஆனால் வாயும் காதும் சும்மா இருக்காது. ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்டுவிட்டு, கோடையில் போடுகிற சொர்ணவாரிப் பட்டத்துக்கு, சீக்கிரம் விளைகிற புது நெல்லைப் போடு என்று அண்ணனைக் குடைந்தெடுத்தேன்.

"எங்க ஊட்டு கலெக்டரம்மா ஆர்டர் போட்டுட்டாங்க, இனிமே இன்னா பண்றது?" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஊத்துக்கோட்டைக்குப் போய் அந்த விதையையே வாங்கிக்கொண்டு வந்தார்.

நெல் விதைக்கிற வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விதை நெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, கோணியில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, பாரம் வைப்பார்கள். உள்ளே நெல் முளைவிடும். முளைவிடும்போது சூடாகும். கோணியில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். தை மாதத்துக் குளிரில் முளை வர நாளாகும். பங்குனி வெயிலில் ஒரே ஓட்டமாக வந்துவிடும். வெள்ளையாக மூக்கு எட்டிப் பார்த்ததும் மூட்டையை அவிழ்த்து, சேற்றில் தெளித்துவிட வேண்டும். விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சூடு ஏறி, விதை உள்ளேயே வெந்துபோகும். ஊறின விதை யாருக்காகவும் காத்திருக்காது.

அண்ணன் திங்கட்கிழமை விதையை ஊறப்போட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் வடித்து, மூட்டை கட்டி, வீட்டின் உள் மூலையில் வைத்தார். நாற்றங்காலைச் சேறடித்துச் சமன்படுத்தி முடித்திருந்தார். வரப்பில் புல் மட்டும் பாக்கி. அதை வெட்டப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்தது.

தொழிற்பேட்டைக்குக் கம்பி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அண்ணன் தலை என் மடியில். கால் வீங்கிக்கொண்டே வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. நான் அழுதுகொண்டே ஜெபித்தேன். வார்த்தை ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. "ஆண்டவரே, இவர், ஆண்டவரே, இவர்" என்று அதையே சொன்னேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "அழுவாத கலெக்டரம்மா. லாரிக்காரரு பயந்துக்கினு வண்டிய நிறுத்திடப் போறாரு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னார். "நாளைக்கு சாயங்காலம் தெளிச்சிடணும். வெயில் ஜாஸ்தியா கீது. மறந்துடாத."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, வருகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். இன்னொரு தடவை பாருங்கள் என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் பாவம், என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணி சுகிர்தம் என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். அப்போது ஐந்து மாதம். அவள் அலறுவாள், விழுவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் அலறவே இல்லை. அண்ணனைக் கூடத்தில் கிடத்தினதும் கிட்ட வந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து உள் மூலைக்குப் போனாள். வைக்கோலைத் தள்ளிவிட்டு, விதை மூட்டையின் மேல் கையைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் நான் காப்பித் தண்ணி கொண்டுபோனேன். குடிக்கவில்லை. என் கையைப் பிடித்து மூட்டையின் மேல் வைத்தாள்.

"சூடா கீது எஸ்தரு. தொட்டுப் பாரு. அவரு கட்டினது. இன்னும் சூடா கீது."

நான் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. அண்ணி வரவில்லை, மூட்டையை விட்டு எழவில்லை. திரும்பி வரும்போது போதகர் ஐயாவிடம் விதையைப் பற்றிக் கேட்டேன். "நமக்குத் தீட்டு கிடையாது மகளே. தாராளமாக விதையுங்கள்," என்றார். அவர் சொல்லிவிட்டார். யார் விதைப்பது? எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டார் பதினாறாம் நாள் கழியாமல் விதையைத் தொடமாட்டார்கள். தொட்டால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்று பயம். அடுத்தவரும் அந்த விதைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், சபைக்கு வருகிறவர்கள் என்று இதில் வித்தியாசம் கிடையாது. ஒரு தலைமுறையாக ஜெபிக்கிற வீடுகளிலும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. தெளிக்கிற வேலையும் ஆண்கள் வேலை. பெண்கள் நடவுக்கு மட்டும்தான்.

நான் வீடு வீடாகப் போனேன். ஒருவரும் கெட்டவரில்லை. எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"பதினாறு ஆவட்டும்மா. உங்கண்ணி வேற மாசமா கீது. எங்க கையால ஒண்ணு ஆயிட்டா, எங்களால தாங்க முடியாது."

"பதினாறு ஆவற வரைக்கும் முளை நிக்குமா?" என்று கத்தினேன்.

"படிச்ச பொண்ணுதானே நீ, நீயே போய்த் தெளிச்சிக்கோ போ," என்றார் ஒருவர். சொன்ன பிறகு அவருக்கே வருத்தமாகிவிட்டது போல. என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, நானே தெளிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். மூட்டையைத் தொட்டதும் அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள். இழுத்தேன். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அம்மா என் முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள்.

"வயித்துப் புள்ளக்காரிகிட்ட பலம் காட்றியா? எம் புள்ளையே போயிட்டான், கழனி எதுக்குடி? போனா போவட்டும்!"

போனால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? அண்ணி பெறப்போகிற பிள்ளையோடு மறுபடி கூலிக்கு நிற்க வேண்டும். அண்ணன் எதிலிருந்து எங்களைத் தூக்கினாரோ அதிலேயே போய் விழ வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்போது தெரிந்துகொள்ள முடியாமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேற்கே கறுத்தது. பங்குனியில் எப்போதாவது ஒரு நாள் வெயிலின் உச்சத்தில் இப்படி ஒரு மழை வந்துவிடும். நான் கழனிக்கு ஓடினேன். அண்ணன் சமன்படுத்திய நாற்றங்கால் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவர் கை பட்ட கடைசி வேலை. பெருமழை விழுந்தால் அது குண்டும் குழியுமாகிவிடும். கல்லறையில் போட்ட மண்ணும் ஈரம் காயாத புது மண். வரப்பிலேயே முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, உயிரைத்தான் எடுத்துக்கொண்டீர். இந்த மழையையாவது நிறுத்தும். அவர் வேலையை அழிக்காதேயும். அவர் மேல் கிடக்கிற மண்ணைக் கரைக்காதேயும். இது ஒன்றுதான் கேட்கிறேன்."

கேட்டு முடிப்பதற்குள் முகத்தில் அடித்தது மழை. கல் மாதிரி துளி. என் கண்ணுக்கு முன்னாலேயே நாற்றங்கால் அம்மை போட்ட முகம்போல ஆயிற்று. நான் எழுந்து வானத்தைப் பார்த்து என்னவெல்லாமோ சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். இனி உம்மோடு பேசமாட்டேன் என்றும் சொன்னேன். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தேன். வீட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. விதைப்பு முடிந்ததும் ஓலை மாற்றலாம் என்று அண்ணன் தள்ளிப் போட்டிருந்தார். எங்கே ஒழுகுகிறது என்று கூட யாரும் பார்க்கவில்லை. எது நனைந்தால் என்ன?

வியாழக்கிழமை காலை பளீரென்று வெயில். தெருவில் இருந்து ஒரு குரல்.

"யக்கா! ஊட்ல யாரும் எழுந்திருக்கலயா?"

முனிரத்தினம் அண்ணன். எங்கள் கழனிக்கு அடுத்த கழனிக்காரர். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர். அண்ணனுக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணீருக்காக ஒவ்வொரு போகமும் சண்டை. "உங்க ஏசு சாமி உன் கழனிக்கு மட்டும் தனியா தண்ணி உடுவாராடா?" என்பார் இவர். "உடுவாரு, நீ மம்பட்டிய எடுத்துக்கினு ஊட்டுக்குப் போனா," என்பார் அண்ணன். ஒரு தடவை இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டு, ஊரே வந்து பிரித்துவிட்டது.

அவர் வாசலில் வந்து நின்றார். தோளில் மம்பட்டி. கண் சிவந்திருந்தது.

"இன்னிக்குத் தண்ணி முறை என்னுது. உங்க வாய்க்கால்ல திருப்பி வுட்டுட்டேன்," என்றார். மம்பட்டியைச் சுவரில் சாய்த்தார். "மழையில நாத்தங்கா கெட்டுப் போயிருந்தது. விடியக்காலைல வந்து மறுபடியும் பரம்படிச்சு சமன் பண்ணிட்டேன். விதை இன்னா ஆச்சு?"

அம்மா வெளியே வந்தாள். "தீட்டு ஊடுப்பா முனிரத்தினம். உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லாம இருப்பாளா? வாய் ஓயாம கத்திக்கினு கீறா. அவன்கூட இத்தினி வருசம் சண்ட போட்டுக்கீறேன் யக்கா. அவன் தீட்டுல எனக்கும் ஒரு பங்கு கீது." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, மூட்டை சுடுதா?"

அண்ணி தலையை ஆட்டினாள். சுடுகிறது என்று. அதில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"சுட்டா உள்ள வெந்துக்கினு கீதுன்னு அர்த்தம்மா. இப்பவே அவுக்கணும்."

அண்ணி முகம் தூக்கினாள். "வெந்துடுமா?"

"வெந்துடும்."

"அவரு கட்டினது அண்ணா."

"கட்டினவன் அவுக்கறதுக்குத்தானம்மா கட்டினான்."

அண்ணி மூட்டையின் மேலிருந்து கையை எடுத்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்க முயன்றாள். ஈரத்தில் இறுகிப்போய் வரவில்லை. நான் அரிவாளை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். குனிந்து, பல்லால் கடித்துக் கடித்து அதை நெகிழ்த்தினாள். முடிச்சு அவிழ்ந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அம்மா ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். "நைனா, என் நைனா" என்று மகனைக் கூப்பிட்டு அம்மாவும் அழுதாள். நான் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று பேரும் சேர்ந்து அழுதது அப்போதுதான்.

முனிரத்தினம் அண்ணன் மூட்டைக்குள் கை விட்டார். முகம் மாறியது. இன்னொரு கையையும் விட்டு, ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக முளை.

"ஓரத்துல கொஞ்சம் வெந்து போச்சு. ஆனா இந்த வெயிலுக்கு நேத்து ராவோட மொத்தமும் போயிருக்கணுமே." என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு தண்ணி தெளிச்சு ஆத்தினது?"

"யாரும் தெளிக்கல," என்றாள் அம்மா.

"தெளிக்காம எப்படி? கோணி நனைஞ்சு கீது பாரு. ஓரம்தான் சுடுது, நடுவுல சூடு தணிஞ்சு கீது."

நான் அண்ணியின் புடவையைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க நனைந்து, பாதி காய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூலைக்கு நேர் மேலே கூரையில் ஓலை விலகி, வெயில் ஒரு காசளவு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மூட்டையின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

சகோதரரே, சகோதரிகளே, எந்த மழையை வேண்டாம் என்று முழங்கால் போட்டேனோ, எந்த மழைக்காக ஆண்டவரோடு பேசமாட்டேன் என்றேனோ, அந்த மழைதான். நாங்கள் யாரும் தொட முடியாத மூட்டையை அவர் தொட்டிருக்கிறார். அவளை எழுப்பவில்லை. அவள் கையை விலக்கவில்லை. அவள் படுத்திருக்கப் படுத்திருக்க, சொட்டுச் சொட்டாக ஆற்றியிருக்கிறார். அவள் எழுந்து தானே அவிழ்க்கும் வரைக்கும் விதையைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார். நான் கேட்டபடி மழை நின்றிருந்தால், காலையில் அண்ணி அவிழ்த்தது ஒரு மூட்டை அழுகல். அதைப் பார்த்த பிறகு அவள் எழுந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நானும் படித்தவள்தான், எனக்கும் சொல்ல வரும். ஆனால் அந்த மூலையில் நின்று பார்த்தவள் நான். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

வெந்ததை ஒதுக்கிவிட்டு நல்லதைக் கூடையில் எடுத்தோம். "மீதிய நான் தெளிக்கிறேன். மொதல் பிடி ஊட்டு ஆளு கையால விழட்டும்," என்றார் முனிரத்தினம் அண்ணன். வீட்டில் ஆண் யார்? நான் அம்மாவைப் பார்த்தேன். கழனி போனால் போகட்டும் என்று என்னை முடியைப் பிடித்து இழுத்த அம்மா, குனிந்து கூடையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா சுகிர்தம்," என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். தாலி அறுந்த இரண்டு நாளில், வயிற்றுப் பிள்ளையோடு, ஒரு பெண் விதை தெளிக்க இறங்குவதைப் பார்க்க வரப்பெல்லாம் ஆட்கள். அண்ணி கணுக்கால் தண்ணீரில் நின்று முதல் பிடியை வீசினாள். சரியாக விழவில்லை. ஒரே இடத்தில் குவிந்தது. "பரவால்ல தங்கச்சி, அவன் வீசறதும் இந்த லட்சணம்தான்," என்றார் முனிரத்தினம் அண்ணன். கூடையை வாங்கிக்கொண்டு மீதியை வீச ஆரம்பித்தார்.

சித்திரை பிறந்தபோது நாற்றங்கால் பச்சையாக இருந்தது. நிலக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்தார். கழனி எங்களிடமே இருக்கிறது. விதை குறைந்ததால் ஒரு மூலையை நடமுடியாமல் சும்மா விட்டோம். மற்றதை நட, முதலில் பயந்த அத்தனை வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆடியில் அறுத்தோம். அறுப்பு முடிந்த வாரத்தில் அண்ணி ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். இருவரும் சுகம். பதினாறு கழியாமல் விதைத்ததால் எந்த உயிரும் போகவில்லை என்று இப்போது காலனியில் அம்மாவே எல்லோருக்கும் சொல்கிறாள்.

ஆனால் பொய் எழுதமாட்டேன். என் அண்ணன் இல்லை. லாரியில் நான் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. சிலர் வந்து, அது ஆண்டவருடைய சித்தம், நல்லதற்குத்தான் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. கம்பெனியில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் அதே ரோட்டில் போகிறேன். எந்த இடத்தில் அவர் பேச்சு நின்றதோ அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். மாறினது ஒன்றுதான். முன்பெல்லாம் ஆண்டவருக்கு நான் யோசனை சொல்லிக்கொண்டிருப்பேன், இப்படிச் செய்யும், அப்படி வேண்டாம் என்று. இப்போது என்ன வலிக்கிறதோ அதைச் சொல்கிறேன். எப்படி என்பதை அவரிடம் விட்டுவிடுகிறேன். அவர் எந்த வழியாக உள்ளே வருவார் என்று எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது கட்டிக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கலாம். இழுக்காதீர்கள். நான் இழுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. பக்கத்தில் இருங்கள். அவர்களுக்காகக் கேளுங்கள். கேட்டது கிடைக்காமல் கோபம் வந்தால், அந்தக் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். நான் திட்டியதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் எங்கள் விதையை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் பங்குனி வந்துவிட்டது. வெயில் போன வருஷத்தைவிட அதிகம். அண்ணி நேற்று விதை ஊறப்போட்டிருக்கிறாள். ஊறப்போடும்போது அழுதாள். வடிக்கும்போதும் அழுவாள். எனக்குத் தெரியும். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாள். நானும் அண்ணியும் அழுதுகொண்டே போய் விதைத்துவிட்டு வருவோம். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.